உங்களுக்குத் தெரியுமா? இமேஜை அழித்தாச்சு, இடம் எங்கே போச்சு?

டிஸ்க் நிரம்பிவிட்டது என்று சர்வர் அலறுகிறது. பழைய டாக்கர் இமேஜ்களைத் தேடித் தேடி அழிக்கிறோம். திரும்பப் பார்த்தால் சதவீதம் அசையவே இல்லை. கன்டெய்னரோடு மாரடிப்பவர்கள் எல்லோரும் என்றைக்காவது ஒரு நாள் இங்கே வந்து நிற்பார்கள். இந்த முறை துணுக்குகள் அவர்களுக்காக.

● லினக்ஸில் ஒரு கோப்பை அழிக்கும்போது உண்மையில் போவது அதன் பெயர் மட்டும்தான். 1971-இல் வந்த யூனிக்ஸ் முதல் பதிப்பின் கையேட்டிலேயே இந்த வேலைக்கான சிஸ்டம் கால் இருக்கிறது. அன்றிலிருந்து இன்றுவரை அடிப்படை மாறவில்லை. கோப்புக்கு வேறு பெயர் எதுவும் மிச்சம் இருக்கக் கூடாது, எந்த புரோகிராமும் அதைத் திறந்து வைத்திருக்கவும் கூடாது. இரண்டும் சேர்ந்தால்தான் கர்னல் இடத்தை விடுவிக்கும். பட்டாவில் பெயரை அடித்துவிட்டால் போதுமா, குடியிருப்பவர் காலி செய்ய வேண்டாமா?

● 40 ஜிபி டிஸ்க் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 'டிஎஃப்' கட்டளை 39 ஜிபி போய்விட்டது என்கிறது. 'டியூ' போட்டுக் கூட்டினால் 24 தான் தேறுகிறது. எது பொய்? இரண்டுமே நிஜம். டிஎஃப் ஃபைல் சிஸ்டத்தைக் கேட்டு, எத்தனை பிளாக் செலவாகியிருக்கிறது என்று சொல்கிறது. டியூ ஒவ்வொரு ஃபோல்டராக நுழைந்து, கண்ணில் படும் பெயர்களை மட்டும் கூட்டுகிறது. பெயர் இல்லாத கோப்பு அதன் கண்ணில் படாது. காணாமல் போன 15 ஜிபி யார் கையில் இருக்கிறது என்று பார்க்க 'எல்எஸ்ஓஎஃப்' கட்டளையை 'பிளஸ் எல்1' என்ற குறிப்போடு ஓடவிடுங்கள். எந்த புரோகிராம், அதன் பிராசஸ் எண், கோப்பின் அளவு எல்லாம் வரிசையாக வரும். லிங்க் எண்ணிக்கை பூஜ்யம் என்றிருக்கும், பாதையின் கடைசியில் அடைப்புக்குறிக்குள் 'டெலிட்டட்' என்று ஒட்டியிருக்கும். அந்த புரோகிராமை ரீஸ்டார்ட் செய்தால் டிஎஃப் எண் சட்டென்று இறங்கும்.

சர்வரையே ரீபூட் செய்துவிடலாமே என்பார்கள். செய்யலாம், இடமும் வந்துவிடும். ஆனால் யார் பிடித்து வைத்திருந்தார் என்பது தெரியாமலே போய், அடுத்த மாதம் அதே நேரத்துக்கு மறுபடி அலாரம் அடிக்கும்.

● இமேஜ் 80 எம்பி, அதன் லாக் 30 ஜிபி. இந்தக் கூத்து நடக்கக் காரணம் இருக்கிறது. கன்டெய்னர் திரையில் கக்கும் ஒவ்வொரு வரியையும் டாக்கர் ஒரு ஜேசன் கோப்பில் எழுதிக்கொண்டே போகும். இடம்: /வார்/லிப்/டாக்கர்/கன்டெய்னர்ஸ். நாமாக 'மேக்ஸ்-சைஸ்' என்று ஒரு வரம்பு வைக்காத வரை அந்தக் கோப்பு டிஸ்க் தீரும் மட்டும் வளரும். கண்டுபிடித்த ஆத்திரத்தில் 'ஆர்எம்' போட்டு அழிப்பது இன்னும் மோசம். அதைத் திறந்து வைத்திருப்பது உங்கள் அப்ளிகேஷன் இல்லை, டாக்கர் டீமன். பெயர் போய்விடும், இடம் போகாது, போதாக்குறைக்கு லாகையும் படிக்க முடியாது. அந்தக் கன்டெய்னரை நிறுத்தித் திரும்பத் தொடங்கினால்தான் டீமன் பிடியை விடும். அழிப்பதற்குப் பதில் கோப்பை 'ட்ரங்கேட்' செய்து பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தால் இடம் உடனே கிடைக்கும். வெளியிலிருந்து இந்தக் கோப்புகளில் கை வைக்காதீர்கள் என்றுதான் டாக்கர் ஆவணம் சொல்கிறது. ஆகவே இதை ஆபத்துக்குப் பாவமில்லை கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

நிரந்தரத் தீர்வு 'லோக்கல்' என்ற லாக் டிரைவர். கன்டெய்னர் ஒன்றுக்கு 20 எம்பி வீதம் 5 கோப்புகள், அதற்கு மேல் பழையதைத் தானே கழித்துவிடும். ஒரு கொக்கி உண்டு. டீமன் அமைப்பில் இதை மாற்றினாலும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் கன்டெய்னர்களுக்கு அது ஒட்டாது. அவற்றை நீக்கிப் புதிதாக உருவாக்க வேண்டும், ரீஸ்டார்ட் போதாது.

● 'டாக்கர் ஆர்எம்ஐ' போட்டதும் வரும் பதிலை யாரும் படிப்பதில்லை. 'அன்டேக்டு' என்று மட்டும் வந்தால் ஒரு பெயர்ச் சீட்டு கிழிந்திருக்கிறது, அவ்வளவுதான். 'டெலிட்டட்' என்று நீளமான எண்களோடு வரிகள் வந்தால்தான் லேயர்கள் போயிருக்கின்றன. ஒரே இமேஜுக்கு 'வி1', 'லேட்டஸ்ட்', 'ப்ராட்' என்று மூன்று டேக் ஒட்டியிருந்தால், மூன்றும் கிழியும்வரை ஒரு பைட்கூடத் திரும்பாது.

● பட்டியலில் தெரியும் இமேஜ் அளவுகளைக் கூட்டிப் பார்த்து, டிஸ்கையே மிஞ்சுகிறதே என்று குழம்பியிருக்கிறீர்களா? பொது லேயர்களை ஒவ்வொரு இமேஜின் கணக்கிலும் திரும்பத் திரும்பச் சேர்ப்பதால் வரும் வினை. ஒரே 700 எம்பி அடித்தளத்தின் மேல் கட்டிய பத்து இமேஜ்கள், ஒவ்வொன்றும் சொந்தமாக 20 எம்பி என்றால், பட்டியல் 7200 எம்பி காட்டும். டிஸ்கில் இருப்பது 900. ஒன்பதை அழித்தாலும் கிடைப்பது 180 தான். 'டாக்கர் சிஸ்டம் டிஎஃப்' கட்டளையை 'மைனஸ் வி' சேர்த்துப் போட்டால் பகிர்ந்தது எவ்வளவு, தனியானது எவ்வளவு என்று பிரித்துக் காட்டும். அழிக்கத் தொடங்கும் முன் இதைப் பார்த்தால் பாதி ஏமாற்றம் மிச்சம்.

● நின்றுபோன கன்டெய்னரும் லேயரைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கும். 'டாக்கர் பிஎஸ்' வெறுமனே போட்டால் ஓடுபவை மட்டுமே வரும். 'மைனஸ் ஏ' போட்டுப் பாருங்கள். ஆறு மாதத்துக்கு முன் செத்தவை எல்லாம் வரிசையில் நிற்கும். கட்டாயப்படுத்தி இமேஜை அழித்தால் அது பட்டியலிலிருந்து மறையும், ஆனால் அடியில் உள்ள லேயர்கள் அந்தக் கன்டெய்னர் இருக்கும் வரை இருக்கும்.

● டாக்கர்ஃபைலில் ஒரு வரியில் 500 எம்பி கோப்பை இறக்கி, அடுத்த வரியில் அழித்தால் இமேஜ் 500 எம்பி மெலியுமா? மெலியாது. ஒவ்வொரு 'ரன்' வரியும் தனி லேயர். கீழ் லேயர் எழுதி முடிந்தபின் மாறாது. மேல் லேயரில் "இந்தப் பெயரைக் காட்டாதே" என்று ஒரு குறி மட்டும் விழும். அதற்கு ஒயிட்அவுட் என்று பெயர். ஓவர்லே ஃபைல் சிஸ்டத்தில் அது 0, 0 என்ற எண்கள் கொண்ட ஒரு கேரக்டர் டிவைஸ். இமேஜ் பொட்டலத்துக்குள் '.டபிள்யூஎச்.' என்று தொடங்கும் வெற்றுக் கோப்பு. இறக்குவதையும் அழிப்பதையும் ஒரே ரன் வரியில் முடித்தால்தான் பலன். இல்லாவிட்டால் 2017-இல் வந்த மல்டி-ஸ்டேஜ் முறை இருக்கிறது: ஒரு கட்டத்தில் கட்டி, தேவையானதை மட்டும் அடுத்த கட்டத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். என்னைக் கேட்டால், அழிக்கும் வரிகளை எழுதி அல்லாடுவதைவிட இதுவே மேல்.

● இமேஜில் உள்ள 2 ஜிபி ஃபோல்டருக்கு டாக்கர்ஃபைலில் ஒரே ஒரு 'சோன்' வரி. உரிமையாளர் பெயர்தானே மாறுகிறது? ஓவர்லே அப்படிப் பார்ப்பதில்லை. கோப்பில் எது மாறினாலும் முழுக் கோப்பையும் மேல் லேயருக்கு நகலெடுப்பதே அதன் வழக்கம். இமேஜ் 4 ஜிபி ஆகிவிடும். நகலெடுக்கும் 'காப்பி' வரியிலேயே உரிமையாளரையும் சொல்லிவிட்டால் இந்த நஷ்டம் இல்லை.

● பொறுமை இழந்தவர்கள் நேரடியாக /வார்/லிப்/டாக்கர்/ஓவர்லே2 உள்ளே போய்ப் பெரிய பெரிய ஃபோல்டர்களாகப் பார்த்து அழிப்பார்கள். இடம் என்னவோ கிடைக்கும். ஆனால் எந்த இமேஜில் எந்த லேயர் என்ற கணக்கை டாக்கர் பக்கத்திலேயே 'இமேஜ்' என்ற இன்னொரு ஃபோல்டரில் வைத்திருக்கிறது. அதற்கு இந்தச் சேதி போகாது. அதே இமேஜைத் திரும்ப இழுத்தால் "ஏற்கெனவே இருக்கிறது" என்று சொல்லி அந்த லேயரை இறக்காமல் தாண்டும். கன்டெய்னரைத் தொடங்கினால் அப்படி ஒரு ஃபோல்டரே இல்லை என்று கை விரிக்கும். இந்த நிலைக்கு வந்தபின் பெரும்பாலும் மொத்த டாக்கர் ஃபோல்டரையும் துடைத்துப் புதிதாகத் தொடங்குவதுதான் மிஞ்சும். அதற்குள் வால்யூம்களும் இருக்கின்றன என்பது அப்போதுதான் பலருக்கு நினைவு வரும்.

● அதே ஓவர்லே2-வில் டியூ காட்டும் எண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம். ஓடும் ஒவ்வொரு கன்டெய்னருக்கும் 'மெர்ஜ்டு' என்று ஒரு கூட்டுக் காட்சி அங்கே மவுன்ட் ஆகியிருக்கும். லேயரில் ஒருமுறை எண்ணிய கோப்பையே டியூ அங்கேயும் எண்ணும். 'மைனஸ் எக்ஸ்' சேர்த்தால் இது தவிர்க்கப்படும்.

● டாக்கருக்கென்று புது டிஸ்க் வாங்கி, தரவையெல்லாம் நகலெடுத்து, /வார்/லிப்/டாக்கர் மேலேயே மவுன்ட் செய்தாயிற்று. ரூட் பகுதியில் இடம் கூடவே இல்லை. ஏன்? பழைய கோப்புகள் மவுன்டுக்கு அடியில் அப்படியே கிடக்கின்றன. அழிக்கவும் இல்லை, கண்ணுக்கும் தெரியவில்லை, எல்எஸ்ஓஎஃப் போட்டாலும் சிக்காது. ரூட்டை 'பைண்ட் மவுன்ட்' முறையில் /எம்என்டி கீழே இன்னொரு முறை பொருத்திப் பார்த்தால் அடியில் இருப்பது தெரியும். அங்கே வைத்தே அழிக்கலாம்.

● 'டாக்கர் சிஸ்டம் ப்ரூன்' வந்தது 2017 ஜனவரியில், 1.13 பதிப்பில். அதற்கு முன்பெல்லாம் இரண்டு மூன்று கட்டளைகளைக் கோத்து நீளமான மந்திரம் ஒன்றை எல்லோரும் எங்காவது குறித்து வைத்திருந்தார்கள். ப்ரூன் என்ன செய்யாது என்பதுதான் முக்கியம். வால்யூம்களைத் தொடாது. டேக் உள்ள இமேஜ்களையும், யாரும் பயன்படுத்தாவிட்டாலும், 'மைனஸ் ஏ' இல்லாமல் தொடாது. ஆனால் நின்றுபோன கன்டெய்னர்களைக் கேள்வி ஒன்றோடு தூக்கிவிடும். அதற்குள் வால்யூமில் வைக்காத தரவு ஏதாவது இருந்தால் அதுவும் போயிற்று.

● 23.0 பதிப்பிலிருந்து (2023) 'டாக்கர் வால்யூம் ப்ரூன்' பெயரில்லாத வால்யூம்களை மட்டுமே அழிக்கிறது. பெயர் வைத்தவையும் போக வேண்டுமானால் 'மைனஸ் ஏ' வேண்டும். பழைய ஸ்கிரிப்ட்டை நம்பியிருந்தவர்களுக்கு இடம் திரும்பாததற்கு இதுவும் ஒரு காரணம். டேட்டாபேஸ் வைத்திருப்பவர்கள் இந்த மாற்றத்துக்குக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்.

அதே 23.0-இல்தான் லினக்ஸில் பில்ட்கிட் இயல்பான பில்டர் ஆனது. அதன் கேஷ் இமேஜ் பட்டியலில் வராது. சிஐ சர்வர்களில் இமேஜ் ஒன்றுகூட இல்லாமல் டிஸ்க் நிரம்பியிருந்தால் முதல் சந்தேகம் இதன் மேல்தான் விழ வேண்டும். 'டாக்கர் பில்டர் ப்ரூன்'.

● மேக்கிலும் விண்டோஸிலும் டாக்கர் ஒரு லினக்ஸ் விர்ச்சுவல் மெஷினுக்குள் ஓடுகிறது. இமேஜ்கள் எல்லாம் அதன் ஒற்றை டிஸ்க் கோப்புக்குள் அடங்கியிருக்கின்றன. உள்ளே காலியானால் வெளியே காலியாகுமா என்பது இரண்டிலும் வேறு வேறு கதை.

மேக்கில் அந்தக் கோப்பின் பெயர் 'டாக்கர்.ரா'. ஃபைண்டரில் பார்த்தால் 64 ஜிபி என்று பயமுறுத்தும். அது உச்சவரம்பு மட்டுமே; இடையில் எழுதப்படாத பகுதிகள் டிஸ்கில் இடம் பிடிப்பதில்லை. நிஜமான அளவை டியூ சொல்லும். இமேஜ்களை அழித்தால் சில நொடிகளில் இந்தக் கோப்பும் சுருங்கும். ஓடும் கன்டெய்னருக்குள் கோப்புகளை அழித்தால் மட்டும் தானாகச் சுருங்காது. இடத்தை மீட்கவென்றே டாக்கர் ஒரு சிறு கன்டெய்னர் கருவி தருகிறது, அதை ஓட்ட வேண்டும். செட்டிங்ஸில் உச்சவரம்பைக் குறைத்துச் சமாளிக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். குறைத்தால் டிஸ்க் கோப்பே அழிந்து, எல்லா இமேஜும் கன்டெய்னரும் கூடவே போகும்.

விண்டோஸின் டபிள்யூஎஸ்எல்2-வில் அது ஒரு 'விஎச்டிஎக்ஸ்' கோப்பு. வளரத் தெரியும், தானாகச் சுருங்கத் தெரியாது. உள்ளே 60 ஜிபி அழித்தாலும் சி டிரைவ் சிவப்பாகவே இருக்கும். டாக்கர் டெஸ்க்டாப்பை மூடி, டபிள்யூஎஸ்எல்லை 'ஷட்டவுன்' செய்து, 'டிஸ்க்பார்ட்' கருவியில் அந்தக் கோப்பைத் தேர்ந்தெடுத்து 'காம்பேக்ட் விடிஸ்க்' கொடுக்க வேண்டும். 2023-இல் வந்த டபிள்யூஎஸ்எல் 2.0-வில் இதைத் தானாகச் செய்யும் வசதியைச் சோதனை முயற்சியாகக் கொடுத்தார்கள்.

● ஓவர்லே எஃப்எஸ் லினக்ஸ் கர்னலுக்குள் வந்தது 3.18 பதிப்பில், 2014 டிசம்பரில். அது கிடைக்காத சென்ட்ஓஎஸ் காலத்து சர்வர்களில் டாக்கர் 'டிவைஸ்மேப்பர்' என்ற முறையில் ஓடியது: 100 ஜிபி அளவு காட்டும் ஒரு கோப்பு, அதற்குள் எல்லாம். இமேஜை அழித்தும் இடம் வரவில்லை என்ற அன்றைய புலம்பல்களில் பெரும்பங்கு இதற்குத்தான் சேரும். 2024 ஜனவரியில், 25.0 பதிப்பில் அதை ஒரேயடியாக எடுத்துவிட்டார்கள். யாரும் அழுததாகத் தெரியவில்லை.

● டிஎஃப் 60 சதவீதம்தான் என்கிறது. ஆனாலும் "இடம் இல்லை" என்று பிழை வருகிறதா? 'டிஎஃப் மைனஸ் ஐ' போட்டுப் பாருங்கள். ஐநோடு தீர்ந்திருக்கும். இஎக்ஸ்டி4-இல் ஃபார்மட் செய்யும்போதே ஐநோடு எண்ணிக்கை முடிவாகிவிடும், வழக்கமாக 16 கேபிக்கு ஒன்று. 20 ஜிபி டிஸ்குக்குச் சுமார் 13 லட்சம். நோட் மாட்யூல்ஸ் நிரம்பிய இமேஜ்கள் சில இருந்தால் அது ஒன்றும் பெரிய எண்ணிக்கை இல்லை. எக்ஸ்எஃப்எஸ் தேவைக்கேற்ப உருவாக்கிக்கொள்ளும்.

● இஎக்ஸ்டி4 இயல்பாக 5 சதவீதத்தை ரூட்டுக்கென்று ஒதுக்கி வைக்கிறது. 1 டிபி டிஸ்கில் அது 50 ஜிபி. தனி டேட்டா டிஸ்க் என்றால் 'ட்யூன்2எஃப்எஸ்' கொண்டு ஒரு சதவீதமாகக் குறைத்துக்கொள்ளலாம்.

● சொந்த ரெஜிஸ்ட்ரி வைத்திருப்பவர்களுக்கு: அங்கே இமேஜை அழித்தால் போவது அதன் மேனிஃபெஸ்ட் மட்டும். பெரிய பிளாப்கள் அப்படியே இருக்கும். 'கார்பேஜ்-கலெக்ட்' என்ற தனிக் கட்டளையை நீங்கள்தான் ஓட்ட வேண்டும், 2.4 பதிப்பில் வந்தது. ஓடும் நேரத்தில் யாராவது புது இமேஜை ஏற்றினால் அதன் லேயரையும் குப்பை என்று எண்ணி எடுத்துவிடக்கூடும். ஆகவே ரெஜிஸ்ட்ரியைப் படிக்க மட்டும் என்ற நிலைக்கு மாற்றிவிட்டு ஓட்டுங்கள். வேலை முடிந்தபின் ரெஜிஸ்ட்ரியை ரீஸ்டார்ட் செய்வதும் நல்லது.

● குபர்னெட்டிஸ் நோடு எப்போது பார்த்தாலும் 82 சதவீதத்திலேயே நிற்கிறதா? பதற வேண்டாம். இமேஜ் டிஸ்க் 85 சதவீதத்தைத் தாண்டினால்தான் குபலெட் துப்புரவைத் தொடங்கும், 80-க்கு வந்ததும் நிறுத்திவிடும். இரண்டுக்கும் நடுவே நிற்பது இயல்பு. எண்கள் பிடிக்கவில்லை என்றால் மாற்றிக்கொள்ளலாம்.

அங்கே 'சிடிஆர்' கட்டளையால் இமேஜ்களைத் தேடி ஒன்றும் இல்லையே என்று விழிப்பவர்களும் உண்டு. கன்டெய்னர்டி நேம்ஸ்பேஸ் பிரித்து வைக்கிறது. குபர்னெட்டிஸின் இமேஜ்கள் 'கே8எஸ்.ஐஓ' என்ற நேம்ஸ்பேஸில் இருக்கும். அதைக் குறிப்பிடாவிட்டால் பட்டியல் காலியாகத்தான் வரும். அழித்ததும் இடம் அந்த நொடியே வராது, பின்னணியில் குப்பை அள்ளும் வேலை முடிய வேண்டும். காத்திருந்து முடிக்க 'சிங்க்' என்று ஒரு குறிப்பு உண்டு.

● டாக்கர் என்ஜின் 29-இல் (2025) புதிதாக நிறுவுவோருக்கு கன்டெய்னர்டியின் இமேஜ் கிடங்கே இயல்பானது. பழைய சர்வரில் நாமாக அதற்கு மாறினால் முன்பிருந்த இமேஜ்கள் பட்டியலிலிருந்து மறையும், டிஸ்கிலிருந்து மறையாது. மாறுவதற்கு முன்பே துடைத்துவிடுவது புத்திசாலித்தனம். புதுக் கிடங்கு சுருக்கிய லேயரையும் விரித்த லேயரையும் சேர்த்தே வைப்பதால் அதே இமேஜுக்குக் கொஞ்சம் கூடுதல் இடமும் பிடிக்கும்.

● ஆராய்ச்சிக்கூட சூப்பர் கம்ப்யூட்டர்களில் டாக்கருக்குப் பதில் ஆப்டெய்னர் என்ற கருவியைப் பார்க்கலாம். 2015-இல் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் சிங்குலாரிட்டி என்ற பெயரில் பிறந்தது. இங்கே இமேஜ் என்பது ஒரே ஒரு 'சிஃப்' கோப்பு. சாதாரண ஆர்எம் போதும். ஆனால் இறக்கும்போது வந்த லேயர்கள் உங்கள் ஹோம் ஃபோல்டரில், புள்ளியில் தொடங்கும் ஒளிந்த கேஷ் ஒன்றில் தங்கிவிடும். ஹோம் கோட்டா நிரம்பி, சிஃப் கோப்புகளையெல்லாம் அழித்தும் விடியவில்லை என்றால் 'ஆப்டெய்னர் கேஷ் க்ளீன்'.

● அழிப்பதற்கே இடம் வேண்டும் என்று சொன்னால் நம்புவீர்களா? பிடிஆர்எஃப்எஸ் எதையும் இருந்த இடத்தில் திருத்தாது, புது இடத்தில் எழுதிவிட்டுத்தான் பழையதை விடும். அழிப்பதும் ஒரு திருத்தம்தானே. டிஸ்க் ஒரு பொட்டு இடமில்லாமல் நிரம்பிவிட்டால் ஆர்எம் கட்டளையே "இடம் இல்லை" என்று திருப்பி அனுப்புவது உண்டு. அப்போது பெரிய கோப்பு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அழிக்காமல், முதலில் ட்ரங்கேட் செய்து பார்ப்பார்கள். ஸ்னாப்ஷாட் எதிலும் மாட்டாத கோப்பாக இருக்க வேண்டும். அதுவும் கைகொடுக்கவில்லை என்றால், ஒரு யுஎஸ்பி டிரைவைச் செருகி அதே ஃபைல் சிஸ்டத்தோடு தற்காலிகமாகச் சேர்த்து, மூச்சுவிட இடம் கிடைத்ததும் இமேஜ்களை அழித்து, பிறகு டிரைவை முறைப்படி கழற்றிக்கொள்ளலாம். பிடுங்கிவிடாதீர்கள்.